வெண்சுண்ணக் குன்றிற் கவிஞர் டெனிசன்

ஆங்கில நாட்டின் தென்கரைக்கு அப்பால், ஸோலெண்ட் என்னும் ஒடுங்கிய கடல் இடையிட, வைட் தீவு என்றொரு சிறு தீவு உளது. அதன் கீழ்க்கோடியினின்று மேற்கோடி வரை வெண்சுண்ணக் குன்றுத் தொடர் ஒன்று முதுகெலும்பு போல நீண்டு, மேற்கே நீடில்ஸ் என வழங்கும் கூரிய பாறைகளாய்க் கடலுள் இறங்குகின்றது. அக்கோடிக்கு அணித்தாயுள்ள சிற்றூர் பிரெஷ்வாட்டர். அவ்வூரை அடுத்து ஏறக்குறைய 480 அடி உயர்ந்து நிற்கும் குன்றினுக்கு இன்று டெனிசன் குன்று என்பது பெயர். நாடு வென்ற மன்னரும் படைத்தலைவரும் தம் பெயரை நிலத்திற்கு இட்டுச் செல்வது உலக வழக்கு. நடந்து திரிந்ததன்றி வேறொன்றும் அக்குன்றிற்குச் செய்யாத ஒரு கவிஞரின் பெயரை அது தாங்கி நிற்றல் எங்ஙனம் என்பதை அறிய, அவர்தம் வாழ்க்கையைச் சிறிது நோக்குவோம்.

ஆல்பிரட் டெனிசன் 1809-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள், லிங்கன்ஷயரைச் சார்ந்த ஸோமர்ஸ்பி என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் அவ்வூர்க் குருவானவர். மூத்த மைந்தராயிருந்தும் குடும்பச் சொத்துத் தமக்குக் கிட்டாது தம்பியைச் சேர்ந்தமையால் மனம் நொந்த அவர், நாளடைவில் மதுவிற்கும் ஆட்பட்டனர். இதனால் மக்கள் பன்னிருவர் பிறந்த அவ்வில்லத்தில் அமைதி குன்றிற்று. ஸோமர்ஸ்பியும் வோல்ட்ஸ் எனப்படும் வெண்சுண்ணக் குன்றுகளிடையே அமைந்த ஊரே. இளைஞர் டெனிசனுக்கு அக்குன்றுவழிகளும், மேபில்தார்ப் கடற்கரையும் புகலிடங்களாயின. 1827-இல் அவரும் அவர் தமையனார் சார்லஸும் எழுதிய முதற் கவிதை நூல் வெளிவந்த அன்று, சகோதரர் இருவரும் அக்கடற்கரைக்கே சென்று அலைகளின் முன் தம் பாடல்களை ஓதி மகிழ்ந்தனர் என்பர்.

பின்னர்க் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியிற் பயின்றகாலை ஆர்தர் ஹாலம் என்பாரின் நட்பைப் பெற்றார். அறிவாலும் பண்பாலும் யாவராலும் போற்றப்பெற்ற அவ்விளைஞர் டெனிசனின் தங்கை எமிலியை மணக்கவும் உறுதி செய்யப்பட்டிருந்தது. 1831-இல் தந்தையார் இறக்க, டெனிசன் பட்டம் பெறாமலே கல்லூரியை நீங்கினார். அடுத்து வெளியிட்ட நூலைத் திறனாய்வாளர் எள்ளி நகையாடினர். இப்புண் ஆறுமுன், 1833 செப்டம்பரில் வியன்னா நகரில் ஹாலம் திடீரென உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 22. அவருடலைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, கடலை நோக்கி நிற்கும் கிளீவ்டன் ஆலயத்தில் அடக்கஞ் செய்தனர்.

அத்துயரம் டெனிசனை எளிதில் விட்டகலவில்லை. ஏறக்குறையப் பத்தாண்டுகள் அவர் புதுநூல் எதனையும் வெளியிட்டிலர். பொருளின்மையால் எமிலி செல்வுட் என்னும் மங்கையுடன் நிகழவிருந்த திருமணமும் தடையுற்றது. மரச்செதுக்குத் தொழிலொன்றில் இட்ட பணமும் போயிற்று. எனினும் நண்பரை நினைந்து அவ்வப்போது சிறு சிறு பாடல்களை எழுதி வந்தார். 17 ஆண்டுகளில் அவை பெருகி ஒரு நூலாயின. ‘இன் மெமோரியம்’ என்னும் அவ்விரங்கல் நூல் 1850-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் எமிலியை மணந்தார். வோர்ட்ஸ்வொர்த்துக்குப் பின் அரசவைக் கவிஞராகவும் அமர்த்தப்பெற்றார்.

புகழ் வந்தெய்தவே தனிமையை நாடிய கவிஞர், 1853-இல் பிரெஷ்வாட்டரில் பாரிங்போர்டு என்னும் மாளிகையை வாடகைக்கு அமர்த்தினார். 1855-இல் வெளிவந்த ‘மாட்’ என்னும் காவியத்தால் வந்த வருவாயைக் கொண்டு, அடுத்த ஆண்டில் அதனை விலைக்கே வாங்கினார். அகன்ற விளிம்புடைய தொப்பியும் நீண்ட மேற்போர்வையும் அணிந்து, காற்றென்றும் மழையென்றும் பாராது குன்றேறிச் செல்லுதல் அவர்தம் நாள்வழக்கமாயிற்று. ஒருபுறம் புல்வெளி சரிந்து ஊரை நோக்கி இறங்கும். மறுபுறம் வெண்பாறை செங்குத்தாகக் கடலில் வீழும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியே அவர் நடந்த வழி. அவர் கிட்டப்பார்வை மிக உடையவர். ஆயினும் காலடியிலுள்ள சிறு பூவையும் குனிந்து நோக்கி, அதன் இதழமைப்பை உடன்வருவார்க்குக் காட்டுவார்.

அக்குன்று அவருக்கு வெறுங் காட்சிப்பொருள் அன்று. வெண்சுண்ணம் என்பது யாது? பல கோடி ஆண்டுகட்கு முன் கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் அடியிற் படிந்து இறுகிய கல்லே அது. லயல் என்னும் அறிஞரின் நிலநூலை டெனிசன் 1837-இலேயே ஆழ்ந்து பயின்றவர். தனிமனிதர் மட்டுமன்றி உயிரினங்களே முழுதும் அழிந்தொழிந்தன என்பதைப் பாறைகள் காட்டுமாயின், அன்பிற்கும் ஆன்மாவிற்கும் நிலைபேறு உண்டோ என்னும் ஐயம் அவரை வாட்டிற்று. டார்வினின் நூல் 1859-இல் வெளிவருமுன்னரே ‘இன் மெமோரியம்’ இவ்வையத்தை எழுப்பி, அதனொடு போராடி, நம்பிக்கையைப் பற்றி நின்றது. டார்வின் 1868-இல் பிரெஷ்வாட்டருக்கு வந்தபோது, அவர்தங் கொள்கை கிறிஸ்து சமயத்திற்கு மாறாவதோ என்று டெனிசன் வினவ, மாறாகாது என அவர் விடையிறுத்தனராம். அவ்வளவில் ஐயம் முற்றும் ஒழிந்ததெனல் இயலாது. ஆயினும் இறந்த உயிர்களாலாய குன்றின்மேல் நாடோறும் நடந்த அக்கவிஞர், கண்களை மூடிக்கொண்டு நம்பியவரல்லர்.

அவர் விரும்பிய தனிமைக்கும் விரைவில் ஊறு நேர்ந்தது. கவிஞரைக் காண மக்கள் திரண்டு வந்தனர். அவர்கள் கண்ணிற் படாது குன்றினை அடைதற்பொருட்டு, தம் நிலத்தை ஊடறுத்த சந்தின் மேல் ஒரு பாலம் அமைத்துக்கொண்டார். நண்பர்களையோ அவர் மகிழ்ந்து வரவேற்றார். இத்தாலிய வீரர் காரிபால்டி 1864-இல் வந்து பாரிங்போர்டுத் தோட்டத்தில் மரமொன்று நட்டனர். கல்கத்தாவிற் பிறந்தவரும், நிழற்படக் கலையிற் பெயர் பெற்றவருமான ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையார் 1860 முதல் அவ்வூரில் வாழ்ந்து, கவிஞரின் திருமுகத்தைப் படங்களிற் பதித்தார். 1875-இல் இலங்கை சென்ற அவ்வம்மையார் 1879-இல் அங்கேயே மறைந்தார். கோடைகாலத்துக் கூட்டத்திற்கு அஞ்சிய டெனிசன் ஸஸ்ஸெக்ஸில் ஆல்ட்வொர்த் என்னும் மற்றொரு மனையைக் கட்டினார். ஆயினும் குளிர்காலந்தோறும் தம் குன்றினுக்கே மீண்டார். 1884-இல் பிரபுப் பட்டம் ஏற்றபோது, ஆல்ட்வொர்த்தின் பெயரோடு பிரெஷ்வாட்டரின் பெயரும் அப்பட்டத்தில் இடம்பெற்றது.

முதுமையில் மற்றொரு பேரிடி வீழ்ந்தது. இளைய மைந்தர் லயனல் இந்தியாவிற்கு வந்தவிடத்துக் கடுஞ்சுரங்கொண்டு, தாயகம் திரும்பும் வழியில், 1886 ஏப்ரலில் செங்கடலிற் கப்பலிலேயே உயிர் துறந்தார். அவருடலைக் கடலிலேயே இட்டனர். முன்பு நண்பரின் உடலைச் சுமந்து வந்ததும் கடலே. இப்பொழுது மைந்தரைக் கொண்டதும் கடலே. எனினும் கவிஞர் கடலோர வழியைக் கைவிட்டிலர். 1889 அக்டோபரில், தம் 80-ஆம் வயதில், ஸோலெண்டைக் கடந்து பாரிங்போர்டுக்குத் திரும்புகையில், மரணத்தைக் கடற்பயணமாக வைத்து ஒரு சிறு பாடல் இயற்றினார். தம் கவிதைத் தொகுப்புக்கள் எல்லாவற்றிலும் அதனையே இறுதியில் வைக்குமாறு பணித்தனர். கடலைப் பகையென்று கருதாமல், தம்மைக் கரைசேர்க்கும் வழியென்று கண்ட உள்ளத்தை அப்பாடலிற் காணலாம். 1892 அக்டோபர் 6-ஆம் நாள் ஆல்ட்வொர்த்தில் உயிர் நீத்தார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார்.

1897-இல் குன்றின் உச்சியிற் பெருங் கற்சிலுவை ஒன்று அவர் நினைவாக எழுப்பப்பட்டது. கடலிற் செல்வோர்க்கும் அஃது ஓர் அடையாளம். 1927-இல் மூத்த மைந்தர் ஹாலம் டெனிசன் அக்குன்றினைத் தேசிய அறக்கட்டளைக்கு உரிமையாக்கினார். தந்தையார் பாலங் கட்டிக் காத்த தனிமையை மைந்தர் பொதுவுடைமையாக்கியது முரண்போல் தோன்றலாம். ஆனால் அக்கொடையாலன்றோ அங்கு வீடுகள் எழாமல், புல்லும் பூவும் வெண்பாறையும் அவர் கண்டவாறே இன்றும் உள்ளன!

மாணவ நண்பர்காள், பெருந்துயரை ஒரே நாளில் வென்றார் என்று இக்கவிஞரைப் போற்றுவார் இலர். நண்பர் பிரிவைப் பாடி முடிக்க அவருக்கு 17 ஆண்டுகள் சென்றன. மைந்தரை இழந்த பின்னரும், மறுநாளும் அதன் மறுநாளும் எழுந்து அதே குன்றின்மேல் நடந்தார். அக்குன்று அவர் பெயரைப் பெற்றது தக்கதேயாம்.