அயலவர் போற்றிய நீதிமான்

திருகோணமலை மாவட்டத்தின் தோப்பூர்ப் பகுதியில் பல சமயத்தவரும் அயலவராய் வாழ்கின்றனர். அவர்கள் நடுவே நாம் கிறிஸ்துவுக்குச் சான்று பகர்வது எவ்வாறு? மறையுரை மேடை ஏறாமலே அதற்கு விடை தந்த பொதுநிலையினர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

1826ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இவர், மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றினார். ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளை மக்கள் அறியத் தமிழில் தந்தார். 1859இல் வெளியிட்ட 'நீதிநூலில்' கைக்கூலியைக் கடிந்தார். பெண்கல்வியை வலியுறுத்தினார். தமிழின் முதல் நாவலாக 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரத்தில்' ஞானாம்பாள் என்னும் பெண்ணை நாடாளச் செய்தார்.

1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தில் தம் பொருளை ஈந்து பசித்தோரைக் காத்தார். சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்டு உருகி, அவர்மீது கீர்த்தனை பாடினார். 1889இல் வேதநாயகர் இறைவனடி சேர்ந்தார்.

மாதாவைப் பாடிய நாவும் பசித்தவருக்கு ஈந்த கையும் ஒருவருடையவை. நம் செபமும் அயலவரின் வாசலைச் சென்றடைய அருள் வேண்டுவோம்.