கோவூரில் பிறந்த ஐந்து பாட்டுகள்

முகப்பேரிலிருந்து தெற்கே போரூருக்கு வந்து, குன்றத்தூர் சாலையில் திரும்பினால் சற்றுத் தொலைவில் கோவூர் வரும். சங்கீதம் அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அங்கே கோயில் கொண்டுள்ள சுந்தரேசுவரர் மீது தியாகராஜ சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவை பிறந்த கதை சுவையானது.

தியாகராஜர் 1767-ம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. வளர்ந்ததும் வாழ்ந்ததும் காவிரிக் கரையில், திருவையாற்றில். சொண்டி வெங்கடரமணய்யரிடம் பாட்டுக் கற்றார். வீட்டில் செல்வம் இல்லை. காலையில் ராம நாமத்தைப் பாடிக்கொண்டு தெருவில் போவார். செம்பில் விழும் அரிசிதான் அன்றைய சாப்பாடு. கூட இருந்த சிஷ்யர்களுக்கும் அதிலேதான் பங்கு!

தஞ்சை மன்னர் சரபோஜி பொன்னும் பொருளும் கொடுத்துத் தம் சபைக்கு அழைத்தாராம். தியாகராஜர் போகவில்லை. வந்த செல்வத்தைத் தள்ளியதால் தமையனாருக்குக் கோபம் பொங்கியது. தம்பி பூஜித்த ராம விக்கிரகத்தையே எடுத்துக் காவிரியில் போட்டுவிட்டார் என்று கதை சொல்வார்கள். அப்போதும் அவர் மனம் மாறவில்லை. பாட்டு தெய்வத்துக்குத்தான், மனிதருக்கு இல்லை என்பது அவர் விரதம்.

முதுமையில், காஞ்சிபுரத்து உபநிஷத் பிரம்மம் என்ற துறவி அழைத்ததன் பேரில், சிஷ்யர்களுடன் வடக்கே யாத்திரை புறப்பட்டார். அப்போதுதான் கோவூர் சுந்தரேச முதலியார் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். முதலியார் பெரிய செல்வர். சென்னையில் பந்தர் தெருவிலும் அவருக்கு வீடு உண்டு. சங்கீதத்தில் உயிரானவர். வந்தவர்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் உபசாரம் செய்தார்.

உபசாரம் செய்தவர் மனத்தில் ஓர் ஆசையும் இருந்தது. தம் பேரில் ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார். சிஷ்யர்கள் திகைத்திருப்பார்கள். மன்னருக்கு இல்லை என்று சொல்வது ஒரு விதம். வீட்டில் வைத்து அன்போடு சோறு போட்டவருக்கு இல்லை என்று சொல்வது வேறு அல்லவா?

தியாகராஜர் கடிந்து பேசவில்லை. நேரே கோயிலுக்குச் சென்றார். சன்னிதியில் நின்று பாடினார். சகானா, கரகரப்ரியா, பந்துவராளி, கல்யாணி, சங்கராபரணம் என்று ஐந்து ராகங்களில் ஐந்து கீர்த்தனைகள். ராமனையே நினைத்தவர் வாயிலிருந்து சிவன் மீது பாட்டு! அந்த ஊரில் அரை நிமிஷம் தங்கினாலும் மனக்கவலை தீரும் என்று சகானாப் பாட்டிலே கோவூரையும் புகழ்ந்தார்.

முதலியார் பெயரும் சுந்தரேசன், சுவாமி பெயரும் சுந்தரேசன். முதலியாருக்கு வருத்தம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. மாறாக, விருந்தினர் திருப்பதிக்குப் புறப்பட்டபோது ராம சேவைக்கென்று பொன்னை மூட்டை கட்டி, அவருக்குத் தெரியாமல் பல்லக்கில் வைத்தாராம். வழியில் நாகலாபுரம் பக்கம் திருடர்கள் வளைத்துக் கொண்டார்கள். தம்மிடம் ஏது பொருள் என்று வியந்த தியாகராஜர், சிஷ்யர்கள் உண்மையைச் சொன்னதும், கொடுத்துவிடும்படி சொன்னார். அது ராமனுக்குரியது என்றார்கள். அப்படியானால் அவனே காத்துக்கொள்ளட்டும் என்று தர்பார் ராகத்தில் பாடத் தொடங்கினார். வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் விடிய விடியத் தங்களை விரட்டியதாகச் சொல்லித் திருடர்கள் காலில் விழுந்தார்கள் என்பது பக்தர்கள் போற்றும் கதை.

1847-ம் ஆண்டு ஜனவரியில் தியாகராஜர் திருவையாற்றில் மறைந்தார். அவர் பாட்டுகளை வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் முதலான சிஷ்யர்கள் மனப்பாடம் செய்தும் எழுதியும் காத்தார்கள். திருவொற்றியூரில் தம்மை வரவேற்ற சிஷ்யர் வீணை குப்பய்யருக்காக அங்கும் அம்பாள் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியிருந்தார். குப்பய்யரோ குருவின் வழியிலே காளஹஸ்தி ஈசன் மீது ஐந்து கீர்த்தனைகள் செய்தார்.

திருவையாற்று ஆராதனையில் வித்துவான்கள் கூடிப் பாடுவது வேறு ஐந்து. அவை கன ராக பஞ்சரத்தினம். கோவூர்ப் பாட்டுகளைப் பெரும்பாலும் கச்சேரிகளில் தனித்தனியாகவே பாடுகிறார்கள். சகானாப் பாட்டைக் கேட்டால் கோவூர் சுந்தரேசன் என்ற பெயர் காதில் விழும்.