தொழுநோய்க்கு வேர் கண்டவர்

நார்வே நாட்டின் மேலைக் கடற்கரையில், மலைகளுக்கும் கடலுக்கும் இடையே அமைந்த மழை ஓயாத நகரம் பெர்கன். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் தொழுநோய் பெரும்பாலும் மறைந்துவிட்ட பின்னரும் இக்கரையோரத்து உழவரையும் மீனவரையும் அது விட்டபாடில்லை. 1856-ஆம் ஆண்டில் நாடு தழுவிய நோயாளர் பதிவேடு தொடங்கப்பட்டபோது ஏறத்தாழ 3000 பேர் அந்நோயுடன் வாழ்ந்துகொண்டிருந்தனர். பெர்கனில் இருந்த புனித யோர்கன் இல்லம் அவர்களுக்கென இடைக்காலத்திலேயே எழுந்தது. நடுவே கூடம், சுற்றிலும் சிற்றறைகள், அருகே ஒரு தேவாலயம். உள்ளே போனவர் மீண்டு வருவது அரிது. நார்வே மொழியில் தொழுநோயாளரைக் குறிக்கும் சொல்லே மருத்துவமனை என்னும் சொல்லின் வழிப் பிறந்தது. அடைபட்டிருந்த வீடே அவர்தம் பெயராயிற்று. அந்நாட்டின் பெருங்கவிஞருள் ஒருவரான வெல்ஹாவனின் தந்தை இவ்வில்லத்தின் சமயகுருவாகப் பணியாற்றியவர் என்பதும், அங்கிருந்தோர் படும் துயரை 1816-இல் எழுதி உலகறியச் செய்தவர் என்பதும் கவிதை அன்பர்கள் நினைவிற்கொள்ளத் தக்கன.

இந்நகரில் 1841-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் பிறந்தார் கெர்ஹார்ட் ஆர்மாயர் ஹான்சன். பெற்றோருக்குப் பதினைந்து மக்கள். தந்தையின் வணிகம் நொடித்தமையால் மகன் தாமே பொருளீட்டி மருத்துவம் பயில வேண்டியதாயிற்று. 1866-இல் பட்டம் பெற்று, வடகடல் தீவுகளில் மீனவரிடையே சிலகாலம் மருத்துவம் பார்த்தபின், 1868-இல் சொந்த ஊருக்கே திரும்பித் தொழுநோயாளரிடையே பணியேற்றார்.

அங்கே தலைமை வகித்தவர் டேனியல் கொர்னேலியஸ் டேனியல்சன். தம் தோழர் பூக் என்பாருடன் இணைந்து அவர் 1847-இல் வெளியிட்ட நூலே தொழுநோய் பற்றிய நவீன ஆய்வின் தொடக்கம் எனப் போற்றப்படுவது. தோலில் தோன்றும் முடிச்சுகளையும், நரம்பு கெட்டு உணர்ச்சி மரத்துப்போன கைகால்களையும், ஒளி இழக்கும் கண்களையும் அது முறையாக விளக்கியது. ஆயின் நோய் குடிவழியாக, இரத்தத்தில் இறங்குவது என்பதே அவர் முடிபு. தொற்று அன்று என்பதை மெய்ப்பிக்க நோயாளரின் கட்டியிலிருந்து எடுத்த பொருளைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்ட துணிவாளர் அவர்.

ஹான்சனோ கரையோரச் சிற்றூர்களில் வீடுவீடாகச் சென்று விசாரித்தார். நோய் பரவிய தடத்தைக் கண்ட அவருக்கு அது பரம்பரை என்று தோன்றவில்லை. வியன்னாவில் தங்கியிருந்தபோது படித்த டார்வினின் நூல், சான்றின்றி எதையும் ஏலாத மனப்பாங்கை அவரிடம் உறுதிப்படுத்தியிருந்தது.

1873-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் வேறெந்த ஆண்டும் போன்றதன்று. ஜனவரியில் டேனியல்சனின் மகளை மணந்தார். பிப்ரவரி 28-ஆம் நாள், நோயாளி ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்த திசுவில், சாயம் ஏற்றாமலே, கோல் வடிவ நுண்ணுயிர்களைக் கண்டார். அக்டோபரில் மனைவி காசநோயால் மறைந்தார். காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஒரே இனத்தவை என்பது பின்னர் அறியப்பட்டது. அந்த இளம் கணவருக்கு அன்று அது தெரிந்திருக்க வழியில்லை. நாட்பட்ட நோயொன்றுக்கு நுண்ணுயிரே காரணமாகலாம் என்ற கருத்தை 1874-இல் அவர் வெளியிட்டார். காசநோய்க் கிருமியைக் கோக் அறிவித்தது 1882-இல்தான் என்பதை நோக்க, இதன் முதன்மை விளங்கும்.

கண்டது ஒன்று, மெய்ப்பிப்பது வேறொன்று. இக்கிருமி செயற்கை ஊடகத்தில் வளராது. இன்றுவரை எவராலும் வளர்க்க இயலவில்லை. விலங்குகளிடத்துச் செய்த முயற்சிகளும் பயன் தரவில்லை. இந்நிலையில் 1879-இல் ஜெர்மானிய இளைஞர் ஆல்பர்ட் நெய்சர் பெர்கனுக்கு வந்தார். ஹான்சன் தாராள மனத்துடன் அளித்த திசுக்களைக் கொண்டுபோய்ச் சாயமேற்றிக் கிருமியைத் தெளிவாகக் காட்டி, கண்டுபிடிப்பின் உரிமையையும் தமதாக்க முனைந்தார். பெருமை கைநழுவும் அச்சம் ஹான்சனை அவசரப்படுத்தியிருக்கக் கூடும் என எண்ண இடமுண்டு.

அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள், மருத்துவமனையில் இருந்த 33 வயதுப் பெண் ஒருவரின் கண்ணில், கட்டி வகை நோயாளியிடமிருந்து எடுத்த பொருளைக் கத்திமுனையால் செலுத்தினார் ஹான்சன். அப்பெண்ணுக்கு இருந்தது உணர்ச்சி மரக்கும் வகை. ஒரு வகை மற்றொன்றாய் மாறுமா என்று அறிவதே நோக்கம். அவரிடம் எதுவும் கேட்கப்படவில்லை. எதற்காக என்று சொல்லப்படவும் இல்லை. கண்ணில் வலி எழுந்தது. புதிய கட்டி எதுவும் எழவில்லை.

நோயுற்று, வறுமையுற்று, போக்கிடமின்றி அடைபட்டிருந்த ஒருவர் தமக்கு நேர்ந்ததை வாளா பொறுத்துக்கொள்வார் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். அவர் பொறுக்கவில்லை. வழக்கு எழுந்தது. 1880 மே மாதத்தில் பெர்கன் நீதிமன்றத்தில் அவர் முறையீடு கேட்கப்பட்டது. ஹான்சன் மறைக்கவில்லை. தாம் காணும் வகையில் அப்பெண் அதனைக் காணமாட்டார் என்று கருதியே இசைவு கேட்கவில்லை என ஒப்புக்கொண்டார். மறுப்பாள் என்று தெரிந்தே கேளாதிருந்தமையைக் காட்டும் இவ்வொப்புதல் செயலினும் கொடியது. மருத்துவமனை மருத்துவர் பதவியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். நாட்டின் தொழுநோய்த் தலைமை மருத்துவர் பொறுப்பு மட்டும் அவரிடமே நின்றது. நோயாளியின் இசைவு என்னும் கருத்து மருத்துவ நூல்களில் இடம்பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, ஏட்டில் பெயராகவும் எண்ணாகவும் மட்டும் இருந்த ஒரு பெண்ணால் அது நீதிமன்றம் ஏறிற்று.

அதன்பின் ஹான்சன் ஆய்வுக்கூடத்தை விடச் சட்டத்தையே பெரிதும் நம்பினார். 1877, 1885 ஆண்டுகளின் சட்டங்கள் அவர் முயற்சியின் விளைவு. முன்னதால், ஏழை நோயாளரை உணவுக்காகப் பண்ணைக்குப் பண்ணை அனுப்பும் பழக்கம் முடிவுக்கு வந்தது. பின்னதன்படி நோயாளர் தம் வீட்டிலேயே தனியறையில் வாழலாம். இயலாதவர் மருத்துவமனை புக வேண்டும். நோயாளர் தொகை ஆண்டுதோறும் குறைந்தது. 1888-இல் அமெரிக்கா சென்று, அங்குக் குடியேறிய நார்வேயரிடையே நோயாளரின் வழித்தோன்றல்களை ஆராய்ந்தார். அவர்களிடம் நோய் தொடரவில்லை. பரம்பரைக் கோட்பாடு இதனால் மேலும் தளர்ந்தது. 1897-இல் பெர்லினில் கூடிய மாநாடு நார்வேயின் முறையை உலகுக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டது. நார்வேயின் சட்டத்தில் இருந்த நெகிழ்வு பிற நாடுகளின் தனிமைத் தீவுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பது வருந்தத்தக்கது.

1909-இல் பெர்கனில் கூடிய இரண்டாம் மாநாட்டுக்குத் தலைமையேற்ற ஹான்சன், 1912 பிப்ரவரி 12-ஆம் நாள், பணிநிமித்தம் சென்றிருந்த புளோரோ என்னும் கடற்கரை ஊரில் இதயநோயால் காலமானார். பெர்கன் அருங்காட்சியகத் தோட்டத்தில் அவர் சிலை நிற்கிறது. இன்று அந்நோய்க்கு அவர் பெயரும் வழங்குகிறது. பழைய பெயரின் இழிவு சுமக்க விரும்பாத நோயாளரே அதனைப் பெரிதும் விழைந்தனர்.

புனித யோர்கன் இல்லத்தின் கடைசி நோயாளர் இருவரும் 1946-இல் மறைந்தனர். அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் அங்கே வாழ்ந்திருந்தனர். நோயைத் தீர்க்கும் சல்போன் மருந்து 1941-இலேயே அமெரிக்காவில் கையாளப்பட்டிருந்தது. பெர்கனின் தொழுநோய் ஆவணங்களை 2001-இல் யுனெஸ்கோ உலக நினைவேட்டில் சேர்த்தது. கரையோர ஊர்ப் பெயர்களும் வயதுகளும் அவ்வேடுகளில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன.