தாவலைத் தடுத்த தகையாளர்

முதலாண்டில் நான் எழுதிய நிரலில் ‘கோ-டூ’ கட்டளைகள் மலிந்திருந்தன. பிழையொன்றைத் தேடி இரவெல்லாம் விழித்தேன். எவ்வழியாய் எங்கு வந்தேன் என்பதே புலப்படவில்லை. மூத்த மாணவர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்து, டைக்ஸ்ட்ராவை அறிவாயா என்றார். அன்றே அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் நகரில் பிறந்தார். 1957-ல் திருமணப் பதிவின்போது தம் தொழில் நிரலெழுதுதல் என்றார். அப்படியொரு தொழிலே இல்லையென அதிகாரிகள் மறுத்தனர். அத்தொழிலை அறிவியலாக உயர்த்துவதே அவர் வாழ்நாட்பணியாயிற்று.

1968 மார்ச்சில் அமெரிக்கக் கணிப்பொறியாளர் சங்க இதழில் அவர் கடிதம் வெளிவந்தது. நிரலின் எழுத்தும் அது இயங்கும் போக்கும் ஒத்திருந்தாலன்றி மனித மனம் அதைப் பின்தொடர இயலாது. கண்டபடி தாவும் கட்டளை அவ்வொற்றுமையைக் குலைக்கிறது என்பதே அதன் சாரம். கண்டனங்கள் எழுந்தன, அவர் அசையவில்லை. 1972-ல் டூரிங் விருது அவரை அடைந்தது. நினைவகத்தில் மனம்போன இடத்தைக் காட்டும் சுட்டியும் தாவலைப் போன்றதே என ஹோர் என்னும் அறிஞர் பின்னர் எச்சரித்தார். டைக்ஸ்ட்ரா 2002-ல் மறைந்தார்.

தாவல்களை நீக்கி என் நிரலைத் திரும்ப எழுதினேன். பிழை தானே வெளிப்பட்டது. நண்பர்களே, நம் அறிவின் எல்லையை ஒப்புக்கொண்டு எழுதுவோம்; அவர் வாழ்வு நமக்குக் கற்பிப்பது இதுவே.