பூசாப் பந்தியிலிருந்து பொக்காரா வரை

நிகண்டும் இலக்கணமும் கற்பிக்கும் எனக்குக் குதிரை வைத்தியர் ஒருவரின் சரிதையில் என்ன ஈடுபாடு என்று நண்பர் சிலர் வினவுவதுண்டு. வில்லியம் மூர்குறோவ்ற்று என்னும் அவ்வாங்கிலேயரை மலையேறிய யாத்திரிகராகவே பலரும் அறிவர். யான் அறிந்த மூர்குறோவ்ற்று முதற்கண் பந்தியைக் காத்தவர். பின்னர் ஓர் அகராதிக்கு வித்திட்டவர்.

1767இல் இலங்காசயரிற் பிறந்த அவர், லிவர்பூலிலே மனிதர்க்குரிய இரணவைத்தியம் பயின்றார். கால்நடைகளிடையே கொள்ளைநோய் பரவியது கண்டு மிருக வைத்தியத்தின்பால் மனந்திரும்பினார். அத்தொழிலை இழிவெனக் கருதிய காலம் அது. பிரான்சிலுள்ள லியோன் நகரக் கலாசாலை சென்று முறையாகக் கற்று மீண்டார். இலண்டனில் ஈட்டிய பெரும்பொருளை இலாடம் செய்யும் இயந்திரங்களில் இட்டு இழந்தமையைச் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வோம்.

1808இல் கிழக்கிந்தியக் கம்பனியார் பீகாரிலே பூசா என்னுமிடத்திருந்த தம் குதிரைப் பண்ணையை அவரிடம் ஒப்புவித்தனர். தண்ணீர் காட்டல், தீனி வைத்தல், இலத்தி அள்ளல், குளம்பு நோக்கல் எனப் பண்ணையின் நாள் கழியும். இவை எளியனபோலத் தோன்றும். ஆயின் ஒருநாட் சோர்வு குட்டியின் காலிலே தெரியும். சினைக்காலமோ பதினொரு திங்கள். பிறந்த குட்டி படைவீரனைச் சுமக்க மேலும் நாலாண்டு செல்லும். இணை சேர்த்தலில் இன்று நேர்ந்த பிழையை ஐந்தாண்டு கழித்தே அறியலாகும். நோயுற்ற குதிரைகளை ஆராய்ந்து பார்த்த மூர்குறோவ்ற்று, தீனியைத் திருத்தக் கருதிப் பண்ணை நிலத்திலே ஓட்சு விதைப்பித்தார். ஆயினும் குதிரைப்படைக்கு வேண்டிய உயரமும் வலிமையும் அங்குள்ள இனத்திற் போதா என்பது அவர் துணிபு. துருக்கித்தானத்துப் பொலிகுதிரைகளே வேண்டுமென்று பிடிவாதங் கொண்டார்.

1812இல் கோசாயி வேடம் பூண்டு இமயங்கடந்து மானசரோவரம் வரை சென்றார். அங்கு குதிரை கிடைத்திலது. சால்வை மயிர் தரும் ஆடுகளோடு மீண்டார். பின் 1819இற் புறப்பட்டவர் இலடாக்கு, காசுமீரம், காபூல் வழியே 1825இற் பொக்காராவை அடைந்தார். வழியெங்கும் நோயாளர் அவரைச் சூழ்ந்தனர், கண்புரையும் அறுத்தார். கம்பனியாரைக் கேளாமலே இலடாக்குடன் வாணிக உடன்படிக்கை செய்ய, அதனை அவர்கள் ஏற்றிலர். பண்ணையை விட்டு ஆண்டுக்கணக்காக அலைந்த கண்காணிப்பாளரைக் கடிந்ததில் நியாயம் இல்லாமலில்லை.

குதிரை வாங்கச் சென்றவர் வேறொன்று பெற்ற கதை வாதவூரரை அறிந்த நமக்குப் புதிதன்று. இங்கே பெற்றவர் பிறிதொருவர். 1822இல் இலடாக்கை அடுத்த வழியிலே, தம் இனத்தின் பூர்வீகம் தேடி நடந்துவந்த அங்கேரியராகிய சோமா டி கோறோசு என்பவரை மூர்குறோவ்ற்று சந்தித்தார். தம்மிடமிருந்த திபேத்து மொழி நூலை அவர் கையிற் கொடுத்து, அம்மொழியைக் கற்குமாறு தூண்டிப் பொருளும் அறிமுகக் கடிதங்களும் உதவினார். இலாமா ஒருவரிடம் குளிர்மிக்க மடங்களிலே ஆண்டுகள் பல பயின்ற சோமா, 1834இற் கல்கத்தாவில் திபேத்து அகராதியும் இலக்கணமும் வெளியிட்டார். என் ஈடுபாட்டிற்குக் காரணம் இதுவே.

மூர்குறோவ்ற்று அதனைக் கண்டிலர். பொக்காராவிலே கருதிய தொகைக்குக் குதிரைகள் கிட்டவில்லை. வாங்கிய சிலவற்றோடு திரும்புகையில், 1825 ஆகத்தில், ஆப்கானித்தானத்து வடபாலுள்ள அந்துகோயில் இறந்தார். அவர் குறிப்புகளை வடமொழி வல்ல வில்சன் 1841இற் பதிப்பித்தார்.