கிட்னி பழுதானால் இதயம் ஏன் தடுமாறுது? எம்.ஜி.ஆரின் கடைசி 3 ஆண்டுகள் சொல்வது என்ன?

1984 அக்டோபர் 5. முதலமைச்சர் எம்.ஜி.ஆர் சென்னை அப்போலோ மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. ஆனால் பாதிப்பு கிட்னியோடு நிற்கவில்லை. லேசான மாரடைப்பு, அதைத் தொடர்ந்து கடுமையான பக்கவாதம். தமிழ்நாடே ஆடிப்போனது.

கும்பகோணம் டூ கோட்டை

1917 ஜனவரி 17-ல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தவர் எம்.ஜி.ஆர். சின்ன வயதிலேயே தந்தை இறந்துவிட, தாய் சத்யபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்தார். சுவாமிமலைக்கு சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஊரின் ஆனையடி பள்ளியில்தான் படிப்பு. நெல் விளையும் காவிரிக் கரையில் வளர்ந்தும், வீட்டில் வறுமை. பாதியில் படிப்பை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்.

1936-ல் 'சதிலீலாவதி' படத்தில் சின்ன வேடம். 1947-ல் 'ராஜகுமாரி' மூலம் ஹீரோ. 1972-ல் அ.தி.மு.க-வைத் தொடங்கி, 1977-ல் முதலமைச்சர். பசியோடு வளர்ந்தவர், 1982-ல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். உடற்பயிற்சியில் கறாரானவர், சிகரெட், மதுவைத் தொடாதவர் என்றே அறியப்பட்டவர். அப்படிப்பட்டவரையும் சர்க்கரை நோய் விட்டுவைக்கல.

கிட்னிக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

சிறுநீரகம் வெறும் வடிகட்டி மட்டும் இல்லை. அது பழுதானால்:

* உப்பும் நீரும் உடம்பில் தேங்கி ரத்த அழுத்தம் எகிறும். அதை எதிர்த்து அடித்து அடித்தே இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகும்.
* ரத்த சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் ஹார்மோன் குறைந்து ரத்தசோகை வரும். இதயத்துக்குக் கூடுதல் வேலை.
* பாஸ்பரஸ் வெளியேறாமல் தங்கும். ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து இறுகும்.
* பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

அதனால்தான் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் பலர், டயாலிசிஸ் கட்டத்துக்குப் போவதற்கு முன்பே இதய நோயால் இறந்துபோகிறார்கள்.

அமெரிக்காவில் மறுபிறவி

நவம்பர் 5-ல் எம்.ஜி.ஆர் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனையில், டிசம்பர் 19-ல் மாற்று சிறுநீரகம் பொருத்தப்பட்டது. கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள். அதே டிசம்பரில் நடந்த தேர்தலில், ஊருக்கே வராமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரி 4-ல் சென்னை திரும்பி, 10-ம் தேதி மீண்டும் முதலமைச்சரானார். ஆனால் பக்கவாதம் பறித்த தெளிவான பேச்சு முழுசா திரும்பல. வசனத்தாலும் மேடைப் பேச்சாலும் கூட்டத்தைக் கட்டிப்போட்டவருக்கு அது பெரிய இழப்பு.

மாற்று சிறுநீரகம் கிடைத்தால் இதய ஆபத்து குறையும், முழுசா போயிடாது. பல வருஷ சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ரத்தக் குழாய்களில் விட்டுச்சென்ற சேதம் அப்படியேதான் இருக்கும். புது கிட்னியை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரப்படும் சில மருந்துகளும் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏற்றக்கூடியவை.

1987 டிசம்பர் 24 அதிகாலை, ராமாவரம் வீட்டில் மாரடைப்பால் எம்.ஜி.ஆர் இறந்தார். வயது 70. மாற்று சிறுநீரகம் பொருத்தி சரியாக 3 ஆண்டுகளும் 5 நாட்களும் ஆகியிருந்தன.

என்ன செய்யணும்?

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் பரிசோதனை அவசியம். ஆரம்பத்தில் கிட்னி நோய்க்கு வலி இருக்காது. கால் வீங்கும் வரை, மூச்சு வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். கிட்னி பாதிப்பு உறுதியானால், இதயத்தையும் சேர்த்தே பரிசோதிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.