வளைந்த விரல்கள் தந்த வெளிச்சம்

கண் டாக்டர் கோ. வெங்கடசாமி பற்றிக் கேள்விப்பட்டிருக்கீங்களா?

1918-ல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி கல்லூரியில் டாக்டருக்குப் படித்து ராணுவத்தில் சேர்ந்தார். பிரசவ டாக்டர் ஆவதுதான் அவர் ஆசை. ஆனால் கடுமையான மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போச்சு. 1948-ல் ராணுவத்தை விட்டு விலகினார். நெடுநாள் படுக்கையில் கிடந்தார். பேனா பிடிக்கக்கூட கஷ்டம்!

ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. கண் மருத்துவம் படித்தார். அதே விரல்களைப் பழக்கி அறுவைக் கத்தி பிடித்தார். ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார்!

பார்வை மங்கினால் வயசாயிடுச்சுன்னு கிராமத்து ஜனங்க வீட்டிலேயே இருந்துடுவாங்க. அதனால் அவரே ஊர் ஊராக முகாம் போட்டார். எல்லார் கண்ணையும் சோதித்து, கண்ணாடி வேண்டியவர் யார், கண்புரை உள்ளவர் யார் எனப் பிரித்தார்.

1976-ல் அரசு வேலையில் ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நம்ம புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தரின் பெயர்தான் அது. 2003-ல் தவளக்குப்பத்திலும் வந்தது. 2006-ல் அவர் மறைந்தார்.

நண்பர்களே, கண் தெரியாதவர் தானாகச் சொல்ல மாட்டார். பக்கவாதம் வந்த தாத்தா தட்டில் ஒரு பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டால் அடம் என்று திட்டாதீங்க. மறுபக்கம் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் தோழனுக்கு போர்டு தெரியாமல் இருக்கலாம். நாம்தான் கேட்கணும், டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லணும். கேட்போமா?